சின்னவளுக்குக் கட்டிய பெட்டி

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் பெட்டி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜீன்ஸைச் சுருட்டி ஒரு மூலையில் திணித்து, சார்ஜரைத் தூக்கி மேலே போட்டு, முழங்காலால் அமுக்கி ஜிப்பை இழுத்தால் முடிந்தது. விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்றால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். என் மகன் அப்படித்தான். அவன் பெட்டியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மே மாதம் ஞாபகத்துக்கு வந்துவிடும். தலைச்சாயமும் முட்டிவலியும் வந்துவிட்ட நமக்குள் இதைச் சொல்ல வெட்கம் என்ன? அந்த மே மாதம் முழுக்க நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அப்பாவுக்கு மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. அம்மா வீட்டில். நான் பெரியவள், பன்னிரண்டு வயது. தங்கைக்கு ஏழு. அவளை எல்லோரும் சின்னவள் என்றே கூப்பிடுவார்கள்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, டெல்லியில் இருந்தார். மாமாவுக்கு அங்கே ஏதோ மத்திய அரசு அலுவலகத்தில் பெரிய உத்தியோகம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அப்பா நடக்கப் பழகிய காலத்திலேயே அவருடைய அம்மா இறந்துபோனதால் அவரைத் தூக்கி வளர்த்தது அத்தைதான். எங்களை ஒரு அதட்டலில் உட்காரவைக்கும் அப்பா, அத்தை வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுவார். அத்தை “டேய் தம்பி” என்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு வந்த அத்தையும் மாமாவும் ஊர்ப்பக்கத்துச் சொந்தங்களை எல்லாம் பார்த்துவிட்டு மே மாதம்தான் திரும்புவதாக இருந்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“லீவுக்குச் சின்னவள அக்கா டெல்லிக்குக் கூட்டிக்கினு போறாங்களாம். பிளேன்ல.”

சின்னவள் வாயிலிருந்த சோற்றை விழுங்காமல் அப்படியே சிரித்தாள். நான் கேட்டேன், “நான்?”

“உனக்குப் பன்னெண்டு முடிஞ்சிபோச்சிம்மா. பன்னெண்டு முடிஞ்சா முழு டிக்கெட்டு. அவளுக்கு அர டிக்கெட்டு.”

என் பிறந்தநாள் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு எடுத்த சுடிதாரில் புதுத்துணி வாசனை இன்னும் போகவில்லை. அந்தச் சுடிதாரை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காமல் போனது.

“பதினொன்னுன்னு சொல்லிடலாம்ப்பா. யாருக்குத் தெரியும்?”

“நீ வளந்திருக்கிற வளத்திக்கு நம்புவாங்களா? பிளேன்காரன் கண்டுபுடிச்சிடுவான்” என்று அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதனால் நான் குள்ளமாகிவிடப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தோளைச் சுருக்கி, அத்தை கண்ணில் படும் இடங்களில் எல்லாம் அப்படியே நடந்தேன். மூன்றாம் நாள் அம்மா என்னை நிறுத்தி, “கால்ல என்னாடி? முள்ளு குத்திச்சா?” என்று பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன். தைலம் தேய்த்துவிட்டாள்.

பெட்டியை வாங்கப் பக்கத்திலிருந்த மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போனோம். எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது அப்பா பேச்சிலராக வந்தபோது கொண்டுவந்த டிரங்குப் பெட்டியும் சில ரெக்சின் பைகளும்தான். கடைக்காரர் எடுத்துக் காட்டியது கருஞ்சிவப்பு சூட்கேஸ். தட்டினால் பிளாஸ்டிக் வாளிபோல் சத்தம் வரும். இரண்டு பூட்டு, எண் திருப்பும் பூட்டு. எந்த எண் வைக்கலாம் என்று அப்பா கேட்டதற்குச் சின்னவள் தன் ரோல் நம்பரைச் சொன்னாள். என் ரோல் நம்பரை யாரும் கேட்கவில்லை. சூட்கேஸின் உட்பக்கம் வழவழப்பான துணி தைத்து, அதில் ஒரு பை வைத்திருந்தார்கள். அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

பெட்டி கட்டுவது ஒரு வாரம் நடந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நம் ஊரில் கொடியில் காய்ந்த எந்தத் துணியை உதறினாலும் அனல்மின் நிலையத்துப் பொடிச்சாம்பல் பறக்கும். டெல்லிக்காரர்கள் அந்தச் சாம்பலைப் பார்த்துவிடக்கூடாது என்று அம்மா ஒவ்வொரு கவுனையும் மூன்று தடவை உதறி, இஸ்திரி போட்டு, மடிப்பு மடிப்பாக வைத்தாள். கிறிஸ்துமஸ் கவுன், பள்ளி ஆண்டு விழாவுக்குத் தைத்த பாவாடை, புது ஜட்டிகள், சோப்பு டப்பா. சின்னவள் கட்டில்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, “அது வேணாம்மா, இது வை” என்று உத்தரவு போடுவாள். என் வேலை உதறிய துணியை அம்மாவிடம் எடுத்துக் கொடுப்பது. ஒரு கவுனை வேண்டுமென்றே கசக்கிக் கொடுத்தேன். அம்மா மறுபடி இஸ்திரி போட்டாள்.

“ஸ்வெட்டரும் வெச்சிடு” என்றார் அப்பா.

“மே மாசத்துல எதுக்குங்க ஸ்வெட்டரு? டெல்லில நெருப்பா கொதிக்கும்ன்னு அண்ணிதான் சொன்னாங்க.”

“பிளேன்ல குளிரும்.”

அம்மா ஸ்வெட்டரையும் வைத்தாள். கூடவே ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு, மாமாவுக்குக் குறிஞ்சிப்பாடி லுங்கி இரண்டு. ஒரு தூக்கு நிறையப் பலாச்சுளையும் எடுத்து வைத்திருந்தாள். அத்தை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, இந்த வாசனையோட உள்ள ஏறுனா எல்லாரையும் எறக்கிவுட்டுடுவான்” என்று சிரித்தார். அந்தச் சுளைகளை நானே தின்று தீர்த்தேன். கடைசியில் வயிறு வலித்தது. அதற்கும் சின்னவள்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டி எடை அதிகமாகிவிடக்கூடாது என்று மாமா சொன்னதால் அப்பா அதை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி மந்தாரக்குப்பம் அரிசி மண்டிக்குக் கொண்டுபோனார். நாங்கள் இருவரும் பின்னாலேயே நடந்தோம். மூட்டை நிறுக்கும் தராசில் சூட்கேஸ் ஏறியது. மண்டிக்காரர், “பிளேனுக்காங்க? அப்போ பயணம் போற பாப்பாவையும் ஏத்துங்க, சேத்துப் பாத்துடுவோம்” என்றார். சின்னவள் சூட்கேஸ்மேல் ஏறி உட்கார்ந்தாள். மூட்டை தூக்குகிறவர்கள், கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள். ஒருவர் அவளிடம், “மேல போனதும் எங்களுக்கு டாட்டா காட்டுவியா?” என்று கேட்டார். நான் அரிசி மூட்டையில் இருந்த ஓட்டையை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

அதைவிட மோசம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் டீச்சர் சின்னவளை எழுந்து நிற்கச் சொன்னார். “நம்ம பாப்பா ஆகாய மார்க்கமா போறா. பத்திரமா போயிட்டு வர எல்லாரும் ஜெபம் பண்ணுவோம்.” பிள்ளைகள் எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன். அவளும் கண்ணைத் திறந்து யார் யார் தனக்காக ஜெபம் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமென் சொல்லும்போது நான் வாயை மட்டும் அசைத்தேன்.

புறப்படும் நாளில் விடியற்காலை ஒரு வாடகை அம்பாசிடரில் ஆறு பேரும் மெட்ராஸுக்குக் கிளம்பினோம். வழியனுப்ப வீடே போவதுதானே நம் வழக்கம். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அந்தக் காலத்தில் பார்வையாளர் டிக்கெட் வாங்கினால் கூடத்துக்குள் போய் உட்காரலாம். கண்ணாடிக் கதவு தாண்டியதும் முகத்தில் அடித்த அந்தக் குளிர்காற்றை நான் ஆழமாக மூச்சிழுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்வரை விடக்கூடாது என்று இருந்தது.

சூட்கேஸை ஒரு நகரும் பட்டையில் வைத்தார்கள். அது ஆடி ஆடி ஒரு ரப்பர் திரைக்குப் பின்னால் போய் மறைந்தது. ஒரு மணி நேரத்தில் விமானம் என்றார் மாமா. பிறகுதான் அறிவிப்பு வந்தது. டெல்லியில் புழுதிப்புயல். அங்கிருந்து வர வேண்டிய விமானமே இன்னும் கிளம்பவில்லையாம்.

முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் உற்சாகமாகவே இருந்தோம். அம்மா கட்டிக்கொண்டுவந்திருந்த இட்லியைச் சாப்பிட்டோம். பிறகு மதியம் என்றார்கள். மதியம் வந்ததும் சாயங்காலம் என்றார்கள். மாமா கவுண்டருக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பெரிய மனிதர் மேசையைத் தட்டி இங்கிலீஷில் கத்தினார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஈரத்துணியை நாற்காலி முதுகில் காயப்போட்டாள். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தவர்போல் நாற்காலியிலேயே தூங்கினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். புயல் நிற்கவே கூடாது என்று, ஞாயிறு வகுப்பில் செய்யாத ஜெபத்தை அங்கே செய்தேன்.

அப்போதுதான் சாப்பாட்டுப் பெட்டி வந்தது. தாமதத்துக்காகப் பயணிகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். வெள்ளை அட்டைப்பெட்டி. அத்தைக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று. அரை டிக்கெட்டுக்கும் முழுப் பெட்டி. அவள் அதை மடியில் வைத்துத் திறந்தாள். முக்கோணமாக வெட்டிய ரொட்டி, ஒரு துண்டு கேக், பாக்கெட் ஜூஸ், காகிதத்தில் சுற்றிய கரண்டி. அம்மா எனக்குப் புளிச்சோற்றைப் பிசைந்து எவர்சில்வர் மூடியில் வைத்துக் கொடுத்தாள். அத்தை தன் பெட்டியை என்னிடம் நீட்டி, “எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடுடா” என்றார். எனக்கென்று கொடுத்ததாக இருந்தால் தின்றிருப்பேன். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

சின்னவள் ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டே என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “அக்கா, அத்தை ஒன்னு சொன்னாங்க. அங்க என்னைய ஸ்கூல்ல சேக்கப் போறாங்களாம். அந்த ஸ்கூல்ல டை உண்டு, கோட்டு உண்டு. வேன்ல போய் வேன்ல வரணும். நீச்சல் குளம்கூட இருக்காம்.”

பிளேன், சூட்கேஸ், சாப்பாட்டுப் பெட்டி, இப்போது கோட்டும் நீச்சல் குளமுமா? அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. புளிச்சோற்றுக் கையோடு எழுந்து போய் அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

“அவளுக்கு மட்டும் டெல்லி ஸ்கூலா? நான் மட்டும் இங்கேயே படிக்கணுமா? அதுக்கும் அர டிக்கெட்டா?”

கூடத்தில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கண்ணைத் திறந்தார், என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

“என்னா ஸ்கூலு?” என்றாள் அம்மா.

அப்பா சட்டையில் ஒட்டிய புளிச்சோற்றைத் தட்டிவிட்டார். அம்மா அத்தையிடம் திரும்பினாள். “அண்ணி, லீவுக்குன்னுதானே சொன்னீங்க?”

அத்தையின் முகம் வெளுத்தது. “இவன் உங்கிட்ட சொல்லிட்டான்னுதாம்மா நெனச்சிகினு இருந்தேன். டேய் தம்பி, சொல்லலையாடா நீ?”

“போயி கொஞ்ச நாள் பழகட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்ன்னு இருந்தேன்க்கா” என்றார் அப்பா. அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. பிறகு அம்மாவிடம், “அக்கா கேட்டு நான் எப்பிடி இல்லன்னு சொல்றது? நல்லா படிக்கவெப்பாங்க. நம்ம அக்காதானே.”

அம்மா கத்தவில்லை. அழவும் இல்லை. சின்னவளின் கையிலிருந்த ஜூஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவுதான். அந்தப் பிடியை அன்று முழுக்க விடவில்லை.

மாமா கவுண்டரிலிருந்து வேகமாக வந்தார். விமானம் இறங்கிவிட்டது, சீக்கிரம் உள்ளே போகவேண்டும் என்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “பொட்டி உள்ள போயிடுச்சே” என்று மட்டும் சொன்னார்.

“பொட்டி போவட்டுங்கண்ணே” என்றாள் அம்மா. “எம்புள்ள எங்கூட வரட்டும்.”

சின்னவள் அலறத் தொடங்கினாள். அந்த அலறலுக்கு நடுவே நான் செய்ததுதான் இன்றைக்கும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது. அத்தையின் முன்னால் போய் நின்றேன். “அத்தை, நான் வரேன். அவ டிக்கெட்ல நான் வரேன். குனிஞ்சிகினே நடக்குறேன், யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க.”

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தபடி இல்லை என்று ஒரே ஒருமுறை தலையை அசைத்தார். அத்தை என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, “வேணாம்டா. நீ அம்மாகூட இரு” என்றார். மாமா அவர் முதுகில் கைவைத்து அழைத்துப் போனார். என்னைக் கொடுக்கவே வெட்கப்படுகிறார் அப்பா, வாங்கிக்கொள்ளவும் அத்தைக்கு மனமில்லை என்று புரிந்துகொண்டேன். பன்னிரண்டு வயதில் வேறெப்படிப் புரியும்?

திரும்பும்போது காரில் சின்னவள் வழிநெடுக அம்மாவின் மடியில் படுத்து விசும்பிக்கொண்டு வந்தாள். அம்மா அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் முன்னால், அப்பாவுக்கும் டிரைவருக்கும் நடுவில். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். திண்டிவனம்வரை பிடித்துக்கொண்டே வந்தார். கை வேர்த்தது. இழுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு பல வாரங்களுக்கு அம்மா அப்பாவிடம் பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான். “உங்கப்பாவ சாப்பிடச் சொல்லு.” “அடுத்த வாரம் என்ன ஷிஃப்ட்டுன்னு கேளு.” பள்ளி திறந்த சமயத்தில் லாரி சர்வீஸில் சூட்கேஸ் திரும்பி வந்தது. அத்தை எல்லாத் துணியையும் மடித்து அனுப்பியிருந்தார், அம்மா மடித்ததைவிட நேர்த்தியாக. அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து, தண்ணீரில் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி துவைத்தாள். அத்தை எங்கள் வீட்டில் தங்குவது அதோடு நின்றது. கல்யாணம், சாவு என்றால் வந்து முகம் காட்டிவிட்டுப் போவார்.

சின்னவள் வளர்ந்து, படித்து, சென்னையில் வேலைக்குப் போனாள். எங்களுக்குள் சண்டை வந்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்போம். “அன்னைக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் டெல்லில வளந்திருப்பேன்” என்பாள். “உன்னையாச்சும் ஒருத்தர் கேட்டாங்க” என்பேன் நான். அவளுக்கு என்மேல் பொறாமை, அம்மாவின் பக்கத்திலேயே இருந்தவள் என்று. எனக்கு அவள்மேல் பொறாமை, தேடி வந்து கேட்கப்பட்டவள் என்று. இருவருக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகும் அது தீரவில்லை. அப்பா ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரில் வீடு கட்டி, அங்கேயே இறந்தும்போனார். அந்த நாளைப் பற்றி அவரிடம் நான் கேட்டதே இல்லை.

போன வருடம் மாமாவும் இறந்தார். அத்தை தனியாக இருக்கிறார், படுக்கையிலேயே இருக்கிறார் என்று செய்தி வந்தது. சின்னவளுக்கு லீவு கிடைக்கவில்லை. என் மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். நானும் முதல்முறையாகப் பிளேனில் போனேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இறக்கைக்குப் பக்கத்து இருக்கை, வெளியே எதுவும் தெரியவில்லை.

அத்தைக்குக் காது மந்தம், நினைவு மட்டும் தெளிவு. கஞ்சி கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

“உன்னத்தான்டா நான் மொதல்ல கேட்டேன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. குனிந்து, “என்னங்கத்தை?” என்றேன்.

“பெரியவளக் குடுடான்னுதான் உங்கப்பன்கிட்ட கேட்டேன். நீதான் எனக்குப் பேச்சுத்தொணையா இருப்பன்னு. நான் என்ன கேட்டும் இல்லன்னு சொல்லாதவன், அதுக்கு மட்டும் அழுதான். ‘அவ இல்லன்னா எனக்கு வூடு வூடாவே இருக்காதுக்கா. வேணும்னா சின்னவளக் கூட்டிக்கினு போ’ன்னான்.”

நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அழுது முடித்தபோது முதலில் வந்த நினைப்பு அப்பாவைப் பற்றியது அல்ல, அத்தையைப் பற்றியதும் அல்ல. சின்னவளுக்கு இது தெரியவே கூடாது என்பதுதான்.

அவளே போன் செய்தாள். அத்தை எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா, யார் கவனிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டாள். பிறகு, “என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களாக்கா?” என்றாள்.

“உன்னையப் பத்தியேதான் பேசிகினு இருக்காங்க” என்றேன். “அந்தப் புள்ளையைக் கடைசிவரைக்கும் மறக்க முடியலன்றாங்க. புள்ளைன்னா அவதான்னு ஆசப்பட்டேன்னு சொன்னாங்க.”

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். ஏழு வயதில் வாய் நிறையச் சோற்றோடு சிரிப்பாளே, அதே சிரிப்பு. பொய் சொன்னது நான்தான். இருந்தும் அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.